நான்கு செட்

ஐந்து ரோட்டில் மழை.
மாதேசின் தட்டுவடை வண்டித் தார்ப்பாய்க்குள்
நான்கு பேர். முழங்கை உரசாமல் நிற்பதே
பெரும்பாடு.

ஏற்காடு கடைசி பஸ்ஸை விட்டவர்,
காலிடுக்கில் மிளகு மூட்டை.
பெரியாஸ்பத்திரி அட்டையைக் கழற்ற மறந்த
சகாயராணி. அதனால் அவள் ஒருத்திக்குத்தான்
இங்கே பெயர்.
செவ்வாய்ப்பேட்டைப் பட்டறையில்
கொலுசுக்குப் பற்றவைத்துப் பற்றவைத்து
நகக்கண் கறுத்த ஒருத்தி.
பிறகு, தவணை வசூலிக்கும் பையன்.
பீட்ரூட் துருவல் சட்டையில் சிந்தாமல்
ஒரு கையால் தின்றபடி
இன்றைய கடைசி நம்பரை அழுத்துகிறான்.

அவள் பைக்குள் பாட்டு எழுந்தது.

பையன் திரும்பினான்.
அவள் திரையைப் பார்த்தாள், எடுக்கவில்லை.
"பேசும்மா, வீட்லருந்துதான் இருக்கும்"
என்றார் மிளகுக்காரர்.
"மழைச் சத்தத்துல ஒண்ணும் கேக்காதுங்க."

பாட்டு பாதியில் அறுந்தது.
பையன் போனைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு
காரச் சட்னி இன்னும் கொஞ்சம் கேட்டான்.

மழை விட்டதும்
ஆளுக்கொரு ரோடு.

மாதேசு கல்லாவை எண்ணினான்.
நான்கு செட்டுக்கும் காசு இருந்தது.
கொடுத்தது மூன்று பேர்தான் என்று
அவனுக்கு ஞாபகம்.