நாற்பத்தேழின் கீழ் மூன்று

ஜனவரி முப்பத்தொன்றுக்குள் கட்டினால்
நூற்றுக்குப் பத்து கழிவு.
அத்தோடு இந்த வருசம்
பழைய குண்டு பல்ப் ஒன்றைக் கொண்டுவந்தால்
ஒன்பது வாற் எல்.ஈ.டி. ஒன்று இலவசம்.
ஒரு பற்றுச்சீட்டுக்கு ஒன்றுதான்.
தீர்மானம் நிறைவேறும் நேரம் பார்த்துச்
சபையில் கறன்ற் போனது.
கைபேசி வெளிச்சத்தில்
தூக்கிய கைகளை எண்ணினோம்.

நான் வருமானப் பரிசோதகர்.
சுவரைப் பார்த்துப் பெறுமதி சொல்வது என் பிழைப்பு.
என் பதிவேட்டில் 'பூசாத சுவர்' என்று ஒரு நிரல் உண்டு,
கிளிநொச்சியில் அதுதான் முதலில் நிரம்பும்.
என் மோட்டார்சைக்கிள் சத்தம்
ஒழுங்கை நாய்களுக்குப் பாடம்.
ஆட்களுக்கும்தான்.
"அப்பா இல்லை" என்று கேற்றுக்குப் பின்னால் நின்று சொல்கிற பிள்ளைக்கு
அப்பாவின் இருமலை ஒளிக்கத் தெரியாது.

இந்த மாதம் மட்டும்
என்னைத் தேடிக் கந்தோருக்கே வந்தார்கள்.
சீனிப் பையில், பேப்பரில், சேலைத் துண்டில் சுற்றி
கருகின பல்ப், இழை அறுந்த பல்ப்,
ஆட்டினால் கிலுகிலுக்கிற பல்ப்.
தையல்கடைக் கனகேந்திரன்
மூன்று வருச நிலுவையோடு ஏழு பல்ப் கொண்டுவந்தார்.
அறுபது யூனிற் தாண்டினால் கட்டணம் ஒரு படி ஏறுமாம்.
ஏழையும் மாற்றினால் ஏறாதாம்.
ஒன்றுதான் தரலாம் என்றேன்.
வீட்டை ஏழாகப் பிரித்து எழுத ஏலாதோ என்று கேட்டார்.
அவர் சிரிக்கவில்லை.
நிலுவையைக் கட்டி, ஒன்றை வாங்கிக்கொண்டு
மிச்சம் ஆறையும் என் மேசையிலேயே விட்டுப் போனார்,
கோபத்தில்.

இருபத்தொன்பதாம் திகதி, சாப்பாட்டு நேரம்,
செட்டிகுளத்திலிருந்து பஸ் ஏறி ஒருத்தி வந்தார்.
அருந்தவமலர்.
வாய்க்கால் ஒழுங்கை, நாற்பத்தேழின் கீழ் மூன்று.

எனக்கு அந்த வளவு தெரியும்.
அத்திவாரம் மட்டும் கிடக்கிறது,
குசினி இருந்த இடத்தில்
தானாக முளைத்த வேம்பு.
மின்கம்பிகூட
மூன்று தூண் முன்னாலேயே நின்றுவிடும்.
"கட்டடம் இல்லாத காணிக்கு வரி இல்லை, அம்மா"
நல்ல செய்தி சொல்கிற முகத்தோடு சொன்னேன்.

"போடுங்கோ" என்றார்.
"உறுதி பொக்கணையில பெட்டியோட போட்டுது.
முந்திச் சபை தந்த சீட்டொண்டு இருந்தது,
அதைக் கறையான் திண்டிட்டுது.
அந்த இலக்கத்தையும் என்ர பேரையும் சேர்த்து
ஒரு கடதாசி வேணும்.
கழிவு வேண்டாம், முழுக்க எழுதுங்கோ."

விதிக்கோவையைப் புரட்டினேன்.
சுவர் என்றால் என்ன உயரம் என்று
எந்தப் பக்கத்திலும் இல்லை.
அத்திவாரம் ஒன்றரை அடி.
பூசாத சுவர், நிரல் நாலு.
வருசத்துக்கு நூற்றெண்பது ரூபாய்.

அவர் பற்றுச்சீட்டை எழுத்தெழுத்தாக வாசித்தார்.
அருந்தமலர் என்று இருந்தது.
"ஒரு 'வ' குறையுது."
வெட்டி, எழுதி, பக்கத்தில் கையெழுத்து வைத்தேன்.
முத்திரையும் குத்தச் சொன்னார்.
குத்தினேன்.

களஞ்சியக்காரர் எட்டிப் பார்த்தார்:
"சீட்டுக்கு ஒரு பல்ப் குடுக்கோணும்.
ஆனா பழசு இல்லாமப் புதுசு தர ஏலாது."
கனகேந்திரனின் ஆறில் ஒன்றை எடுத்து நீட்டினேன்.
அவர் அதை வாங்கி, உள்ளே போய்,
ஒன்பது வாற் பெட்டி ஒன்றோடு வந்தார்.
"கறன்ற் இல்லாத இடத்துக்கு இதென்னத்துக்கு" என்று
தனக்குத்தானே சொல்லிக்கொண்டு
அருந்தவமலர் அதைப் பையில் வைத்தார்,
சீட்டுக்குப் பக்கத்தில் அல்ல,
சாப்பாட்டுப் பெட்டிக்கு அடியில்.
வாசலில் நின்று திரும்பி,
"வாற வருசம் எத்தினையாம் திகதி தொடங்குவியள்?"

மார்ச்சில் கணக்காய்வுக் கடிதம் வந்தது.
47/3: மின் இணைப்பு இல்லை.
பல்ப் வழங்கியமைக்கான காரணம்?
பதிலுக்கு ஒன்றரை வரி இடம் விட்டிருந்தார்கள்.
'பற்றுச்சீட்டு உண்டு' என்று எழுதினேன்.
அரை வரி மிஞ்சியது.