பத்தொன்பது பாகை

வல்பரைசோவில் தெருக்கள் படுப்பதில்லை.
சாய்ந்தபடியோ நின்றபடியோதான் தூங்குகின்றன.
கைப்பிடிக் கம்பி போடவேண்டும், அளந்து வா என்று
நகராட்சி என்னை அனுப்பியது.
முக்காலி, லேசர் பெட்டி, கோணமானி, ஒரு நோட்டு,
மதியத்துக்கு இரண்டு எம்பனாடா.

பெத்ரோனிலா சந்தின் அடியில்
எரிவாயு உருளையைத் தோள் மாற்றிக்கொண்டு நின்றார் நெமேசியோ.
எத்தனை பாகை இருக்கும் என்றேன்.
"அறுபது. குறைத்து எழுதினால்
என் முதுகு உங்களை மன்னிக்காது."
பெட்டி சொன்னது: பத்தொன்பது.
வாங்கி, தர்பூசணியைத் தட்டுவதுபோல்
தட்டிப் பார்த்தார்.

எட்டு மாத வயிற்றோடு வந்த யசேனியா ஐம்பது என்றாள்.
பள்ளி விட்டு வந்த பையன்
முப்பது என்று சொல்லி முடிப்பதற்குள்
பாதித் தெரு ஏறியிருந்தான்.
மஞ்சள் நாய் ஒன்று எதுவும் சொல்லவில்லை.
இந்தச் சுவருக்கும் அந்தச் சுவருக்குமாய் மடக்கி மடக்கி நடந்து
சரிவைத் தன் அளவுக்கு வெட்டிக்கொண்டு போனது.

அப்போதுதான் எனக்குத் தோன்றியது.
கண்ணை மூடிக்கொள்ளுங்கள்,
உள்ளங்கையைத் தெரு மாதிரி சாய்த்துக் காட்டுங்கள்.
நெமேசியோ உருளையை இறக்கினார்.
காய்ப்பு ஏறிய கை காற்றில் நின்றது.
கோணமானியை வைத்தேன்: இருபத்திரண்டு.
ஆக, உடம்பில் எங்கோ சரியான கணக்கு இருக்கிறது.
கண்தான் கூட்டிச் சொல்கிறது,
வட்டிக்காரனிடம் வீட்டுக் கஷ்டம் சொல்வதுபோல.

உச்சியில் கடைசி வீடு. பச்சைத் தகரச் சுவர்.
ஒத்திலியா தண்ணீர் கொடுத்தாள்.
பள்ளத்துக்கு அந்தப் பக்கம், எதிர்க் குன்றில்
ஒரு நீல ஜன்னல்.
"அதுவரைக்கும் எவ்வளவு என்று உங்கள் பெட்டி சொல்லுமா?"
முதலில் நீங்கள் சொல்லுங்கள்.
பார்த்தாள்.
துறைமுகத்துக் கப்பல்களை இந்த ஊர்க்காரர்கள் பார்க்கிற
பார்வை இல்லை அது.
"ஒரு கிலோமீட்டர். கூடவும் இருக்கலாம்."

கண்ணுக்குத் தெரியாத ஒரு புள்ளி
நீலச் சட்டத்தைத் தொட்டுவிட்டு
நான் விரலை எடுப்பதற்குள் திரும்பிவந்தது.
நூற்று முப்பத்தெட்டு மீட்டர்.
நான் சும்மா இருந்திருக்கலாம்.
கூப்பிடு தூரம்தான் என்றேன்.
"கூப்பிட வேண்டுமே" என்றாள்.

மகன் பெயர் லிசாந்த்ரோ என்பதும்,
வீட்டை விற்கும் பேச்சில் தொடங்கியது என்பதும்,
இரண்டு வருடம் என்பதும்
நான் கேட்காமலே வந்தன.
இறங்க இருநூற்றுப் பதினொரு படி,
அங்கே ஏற நூற்றுத் தொண்ணூற்று நான்கு.
போகவே இல்லை என்றவள்
எப்போது எண்ணினாள் என்று
நான் கேட்கவில்லை.

பிறகு அவள் புறா மாதிரி
தலையை இடமும் வலமும் அசைத்தாள்.
"நீங்களும் செய்யுங்கள்" என்றாள். செய்தேன்.
நடுவில் போகிற மின்கம்பி, அதில் சிக்கிய ஒரு காலணி
ஜன்னலுக்கு இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் தாவின.
பக்கத்தில் இருப்பது ஓடும்,
தொலைவில் இருப்பது நிற்கும்:
எனக்கு இது முதலாண்டுப் பாடம்.
"பார்த்தீர்களா" என்றாள் ஒத்திலியா.
"நகரவே மாட்டான்."

கீழே வந்து சேர்ந்தபோது
நோட்டை அவள் வீட்டில் மறந்தது தெரிந்தது.
நாளெல்லாம் சுமந்த முக்காலி தோளில்.
எம்பனாடா எப்போதோ செரித்துவிட்டது.
அண்ணாந்து பார்த்தேன்.
பத்தொன்பது என்று என் கையெழுத்தில் எழுதிய அதே தெரு
நாற்பத்தைந்துக்கு ஒரு முடி குறையாமல் நின்றது.
நாய் போன வழியில், மடக்கி மடக்கி ஏறினேன்.

கதவு பூட்டியிருந்தது.
நோட்டு வாசற்படியில், பறக்காமலிருக்க மேலே ஒரு கல்.
பள்ளத்துப் படிகளில் யாரோ.
கையை நீட்டிப் பார்த்தேன்:
சுண்டுவிரல் நகத்துக்குள் அடங்குகிற உயரம்.
போகிற உருவமா, பாதியில் திரும்பி வருகிறதா,
அந்த வெளிச்சத்தில்
என்னால் சொல்ல முடியவில்லை.
பெட்டியை உறையில் போட்டிருந்தேன்.
வெளியே எடுக்கவில்லை.