மூக்கு அடைத்த வீடு

வெளியே மைனஸ் முப்பத்தொன்று.
வேனின் முன்கண்ணாடியில் என் மூச்சே உறைந்து
எனக்கே திரை போடுகிறது.
வினிப்பெக்கின் வடக்குத் தெருக்களில் ஜனவரி என்றால்
கூப்பிடுகிறவர்கள் எல்லோருக்கும் ஒரே வாக்கியம்:
உலை எரியவில்லை.
ஓரெஸ்ட் ஹவ்ரிலுக் மட்டும் வேறு சொன்னான்.
எரிகிறது, நன்றாகத்தான் எரிகிறது,
ஆனால் வீட்டில் எல்லோருக்கும் தலை வலிக்கிறது.

முதலில் விஷவாயுக் கருவியை நீட்டினேன்.
பூஜ்யம்.
அதன் பிறகுதான் கோட்டைக் கழற்றினேன்.

ஜன்னல்களுக்கெல்லாம் பிளாஸ்டிக் போர்த்தி
ஓரங்களில் டேப்.
கதவடியில் சுருட்டிய துண்டு.
நேற்று வதக்கிய வெங்காயம்,
ஈரக் காலுறை, பூனை, தரை துடைத்த திரவம்,
மூன்று பேர் தூங்கி எழுந்த இரவு,
எதுவும் வெளியேறவில்லை.
எல்லாம் வரவேற்பறையில் உட்கார்ந்து
என்னை ஏறிட்டுப் பார்த்தன.
அவன் மனைவி லெனோராவின் தோளில் ஏழு மாதக் குழந்தை.
அதன் நெஞ்சுக்குள் யாரோ
காகிதம் கசக்கிக்கொண்டிருந்தார்கள்.

அடுத்த கருவி கரியமில வாயுவை எண்ணுவது.
இரண்டாயிரத்து அறுநூறு என்றது.
வெளியே நானூற்றுச் சொச்சம்.
"அப்படியென்றால்?" என்றாள் லெனோரா.
விட்ட மூச்சையே திரும்பத் திரும்ப
இழுத்துக்கொண்டிருக்கிறீர்கள் என்றேன்,
ஒரே சொம்புத் தண்ணீரில்
வீடே வாய் கொப்பளிப்பதுபோல.
அவள் குழந்தையை மறு தோளுக்கு மாற்றினாள்.
அந்தத் தோளிலும் அதே காற்று.

நிலவறையில் வடிகட்டியை உருவினேன்.
வெள்ளையாக இருக்க வேண்டியது
கம்பளிபோல் தடித்து வந்தது.
பூனை முடி. உதிர்ந்த தோல்.
காட்டுத்தீப் புகை ஊரை மூடிய கோடை
ஒரு கறுத்த படலமாக.
"போன வருஷம்தான் மாற்றினேன்."
அட்டை ஓரத்தில் அவன் கையெழுத்தில் தேதி:
மூன்று வருஷத்துக்கு முந்தைய நவம்பர்.
படித்தான். ஒன்றும் சொல்லவில்லை.
நானும்.

தூசிக்குத்தான் வடிகட்டி.
மூச்சுக்கு ஒரு வழி வேண்டும்.
உலைக்குப் பின்னால், சுவரோரம்,
வெளிக்காற்றுக் குழாயைத் தேடிப் பிடித்து
முழங்கைவரை கையை விட்டேன்.
துணி.
இழுத்தேன். ஒரு கை வந்தது,
பிறகு கழுத்து, பிறகு மறு கை,
பிரசவம் பார்க்கிறவளைப்போல மெல்ல, திருப்பித் திருப்பி.
அவனுடைய பழைய ஹாக்கிச் சட்டை.

"அது வழியாகப் பனி கொட்டுகிறது," என்றான்.
"நேர் மேலே தொட்டில்.
பிள்ளைக்குக் குளிரக் கூடாதென்று..."

வாயைக் கட்டி வயிற்றைக் கட்டி
எரிவாயு பில் கட்டுகிறவர்களைப் பார்த்திருக்கிறேன்.
இவன் வீட்டின் மூக்கையும் கட்டியிருந்தான்,
அன்பினால்.
அதைத் திட்ட எனக்கு வாய் வரவில்லை.
எழுதித் தரும் தாளில்
"அடைப்பு நீக்கப்பட்டது" என்று மட்டும் எழுதினேன்.

குழாய் முனையை வளைத்து ஒரு பக்கெட்டுக்குள் இறக்கினேன்.
குளிர்ந்த காற்று கனம்,
அடியில் படுத்திருக்கும்,
வீடு கேட்டால்தான் எழுந்து வரும்.
போகும் காற்றிடம் சூட்டை வாங்கி
வரும் காற்றுக்குக் கொடுக்கும் பெட்டி ஒன்று உண்டு என்றேன்.
விலையும் சொன்னேன்.
உதடு அசையாமல் கணக்குப் போட்டான்;
அவன் ரொட்டித் தொழிற்சாலையின்
எத்தனை இரவுகள் என்று
எனக்கே கேட்டது.
வசந்தத்தில் பார்க்கலாம் என்றான்.
சமைக்கும்போது புகைவிசிறியையாவது போடுங்கள் என்றேன்.

பூனைதான் முதலில் வந்தது.
பக்கெட்டின் விளிம்பில் மூக்கை வைத்து
வெளியூர்க் கடிதம் படிப்பதுபோல
வாடையைப் படித்தது.
எண் இறங்கத் தொடங்கியது:
இரண்டாயிரத்து நானூறு. இருநூறு.
குழந்தை இன்னும் காகிதம் கசக்கியது.
டாக்டரிடம் காட்டுங்கள், நான் குழாய்க்காரி என்றேன்.
ஓரெஸ்ட் சட்டையை உதறி, முகர்ந்து,
தன் தோளில் போட்டுக்கொண்டான்.

வேனில் ஏறினேன்.
கண்ணாடி முழுக்க மறுபடியும் என் மூச்சு.
சுரண்ட அட்டையைத் தேடியபோதுதான் பார்த்தேன்,
உள்காற்றே சுற்றும் பொத்தானின்
ஆரஞ்சு விளக்கு.
காலையிலிருந்து,
ஒருவேளை நவம்பரிலிருந்து.

அழுத்தி அணைத்தேன்.
மூக்கு நுனி எரிந்தது.
எஞ்சினை ஓடவிட்டு
கொஞ்ச நேரம் அங்கேயே இருந்தேன்,
கண்ணாடியின் கீழ்மூலையில்
ஒரு சாலை தெரியும்வரை.