பன்னிரண்டு

புகைந்தால் எளிது. இந்த வாயு
புகைவதில்லை.

காட்ஹார்டு மலைக்குக் கீழே எங்கள் சோதனைக் கொட்டகையில்
நாற்பது டன் லாரி
குளித்துவிட்டு வந்ததுபோல் நிற்கிறது.
ஓட்டுநர் ஒக்தாவியன், மல்டோவாக்காரர்.
சரக்கு: காலித் தயிர்க் கோப்பைகள், மிலான் வரை.
"காற்றைத்தான் சுமக்கிறேன்" என்கிறார்
பாதி ஜெர்மனிலும் மீதி கையாலும்.

மடிக்கணினியைச் செருகுகிறேன்.
கடைசிக் குழாயில் நைட்ரஜன் ஆக்சைடு: பன்னிரண்டு.
உறுமவிடச் சொல்கிறேன். பன்னிரண்டு.
சும்மா ஓடட்டும் என்கிறேன். பன்னிரண்டு.
அணைத்து, ஒரு காபி குடித்து, ஆறவிட்டு,
மறுபடி இருமிக்கொண்டு கிளம்பிய முதல் நொடியிலும்
பன்னிரண்டு.

பதினொரு வருடமாக இந்த எண்களோடுதான் குடித்தனம்.
மெய்யான எண் ஏற்றத்தில் மூச்சு வாங்கும்,
குளிரில் உளறும்,
காலை அழுத்தினால் எகிறும்.
இது கிளிப்பிள்ளை.

ஃபியூஸ் பெட்டிக்குப் பின்னால், கறுப்பு டேப் சுற்றி,
தீப்பெட்டி அளவில் இருந்தது.
மின்சாரம் குடிக்க இரண்டு கம்பி,
பொய் சொல்ல இரண்டு கம்பி.

ஒக்தாவியன் அதைப் பார்த்த பார்வையில்
நடிப்பு இருந்ததா, தெரியவில்லை.
"மூன்றாவது முதலாளி" என்றார்.
லாரிக்கா, தனக்கா?
நான் கேட்கவில்லை.
நீல மூடியைத் திறந்தால்
யூரியாத் தொட்டியில் வெள்ளைப் பொருக்கு,
வற்றிய உப்பளம் போல.

முதலாளி தொலைபேசியில் கத்தினார்.
அபராதத்துக்குச் சம்மதித்தார்,
அறுநூறு ஃபிராங்க் சென்சாருக்கு அழுதார்.

மறுநாள் விடிவதற்குள் மெக்கானிக் அலோயிஸ் வந்துவிட்டான்.
தொட்டியைக் கழுவி, அடைத்த நாசிலைக் குத்தியெடுத்து,
கரிந்துபோன பழையதைக் கழற்றிப் புதியதைத் திருகினான்.
கட்டைவிரல் நீளம்தான்.
உள்ளே வெண்பீங்கான் பட்டை, அதில் இரண்டு சிற்றறை.
வழியில் கிடக்கும் ஆக்சிஜனை முதல் அறை வெளியே தள்ளிவிடும்.
நைட்ரஜன் கட்டிப்பிடித்திருக்கும் ஆக்சிஜனை
இரண்டாவது அறை பிய்த்தெடுத்து எண்ணும்,
எண்ணூறு டிகிரியில் எரிந்தபடி.

ஆனால் வண்டி கிளம்பியதும் எரியாது.
குழாயின் ஈரம் உலரட்டும் என்று காத்திருக்கும்;
சூட்டில் ஒரு துளி பட்டால்
பீங்கான் வெடித்துவிடும்.
"அதுவரை போகிற வாயு?" என்றார் ஒக்தாவியன்.
"அந்த நிமிடங்களுக்குக் கணக்கில்லை" என்றான் அலோயிஸ்.

என் சமையலறை ஜன்னல்
அந்த நிமிடங்களை நோக்கித்தான் திறக்கிறது.
ஜனவரியில் பனிமூட்டம் பள்ளத்தாக்கை
மூடிபோட்ட பானையாக்கிவிடும்.
மேலே மலையில் வெயில், பனிச்சறுக்கு, சிரிப்பு;
கீழே நாங்களும் நெடுஞ்சாலையும்
ஒரே மூச்சில்.

எண் வந்தது.
முந்நூற்று நாற்பது. முந்நூற்றுப் பத்து.
யூரியா இறங்கியதும் தொண்ணூறு, நாற்பத்தொன்று,
அறுபது, முப்பத்தெட்டு.
நடுங்கியது. அலோயிஸ் கையைத் துடைத்தான்.

பிறகு திடீரென்று நூற்றைம்பது.
யூரியா கொஞ்சம் மிஞ்சிவிட்டது;
மிஞ்சிய அம்மோனியாவையும்
இந்தப் பீங்கான் அதே வாயு என்றே எண்ணும்,
மருந்தையும் நோயையும்
பிரித்தறியத் தெரியாது அதற்கு.

"அப்படியானால் இதுவும் பொய்தானே?"
ஒக்தாவியன் முகத்தில் முதல்முறையாகச் சிரிப்பு.
"இல்லை, இது தவறு" என்றேன்.
ஜெர்மனில் அந்த இரண்டு சொல்லும் அவரிடம் இருந்தனவா,
அதுவும் தெரியவில்லை.
தலையாட்டினார். கையெழுத்திட்டார்.
மதியம் தயிர்க் கோப்பைகள் சுரங்கத்துக்குள் போயின.

தீப்பெட்டியை உறையில் போட்டு எண்ணிட வேண்டும்.
போடுவதற்கு முன், எல்லோரும் போன பிறகு,
மேசையிலேயே அதற்கு மின்சாரம் கொடுத்துப் பார்த்தேன்.
லாரி இல்லை. இன்ஜின் இல்லை.
குழாயும் இல்லை, குழாயில் காற்றும் இல்லை.

பன்னிரண்டு என்றது.