நாற்பத்தேழாம் அடிக்குறிப்பு

கட்டுரை முப்பத்தோரு பக்கம்.
அறுநூறு சொல்லில் சுருக்கு, பிறகு மதிப்பிடு
என்கிறது பாடத்தாள். வெள்ளி நள்ளிரவுக்குள்.

பால்டிமோர் துறைமுகத்துக்குப் பின்னால்
குளிர்பதனக் கிடங்கில் எனக்கு இரவு வேலை.
பெட்டிகளை எண்ணுவேன்.
இருக்க வேண்டியதற்கும் இருப்பதற்கும் நடுவே
காணாமல் போவதைச்
சுருக்கம் என்றுதான் நாங்களும் எழுதுவோம்.

இடைவேளை அறையில், மைக்ரோவேவ் முனகலில், படித்தேன்.

லெனோர் விட்கம்ப் சொல்வது இது:
செசபீக் விரிகுடாவின் கீழைக்கரையில் ஒரு வட்டாரம்.
ஆயிரத்து அறுநூற்றுத் தொண்ணூறு தொடங்கி முப்பது ஆண்டு.
இறந்தவர் வீடுகளில் எடுத்த பொருட்பட்டியல்கள்.
புகையிலை விலை விழுந்தும் வீடுகள் செழித்தன.
மரத்தட்டு போய் வெள்ளீயத் தட்டு வந்தது.
தரையில் படுத்தவர் கட்டில் ஏறினார்.
நாற்காலி பெருகியது; ஆகவே
மனிதர்கள் சேர்ந்து உட்கார்ந்து பேசத் தொடங்கினார்கள்.

நல்ல வாதம்.
நாற்காலியின் காலைப் பிடித்துப் பேச்சுவரை போகிறவரை
எனக்குப் பிடிக்கும்.

ஆனால் முதல் பக்கத்தில் முந்நூற்றுப் பன்னிரண்டு பட்டியல்.
மூன்றாம் அட்டவணையில் முந்நூற்றுப் பதினொன்று.
எண்ணிப் பிழைப்பவளுக்கு
இது கண்ணில் விழுந்த உமி.

அடி என்றால் பாதம். அடி என்றால் உதை.
அடி என்றால் ஒன்றும் எட்டாத ஆழம்.
பக்கத்தின் அடியில், எறும்பளவு எழுத்தில், நாற்பத்தேழு:

ஜொனாஸ் பெல்க், ஆயிரத்து எழுநூற்று நான்கு.
இரும்புப் பானை இரண்டு. கிழட்டுக் குதிரை.
பிடி உடைந்த மண்வெட்டி.
ஃபிபா என்றொரு பெண்; மதிப்பிடவில்லை,
நாங்கள் வந்த காலையில் சதுப்புக்குள் போய்விட்டாள்.
தொகை இல்லாததால் இப்பட்டியல்
கணக்கில் சேர்க்கப்படவில்லை.

வெள்ளிக்கிழமை பிறந்தவள் என்று
அந்தப் பெயருக்குப் பொருள்.
பட்டியலில் அவளே பொருள்.

முழுப் பூசணிக்காயைச் சோற்றில் மறைத்தார் என்று
முதலில் எழுதினேன். அடித்தேன்.
மறைக்க நினைத்தவர் குறிப்பே போட்டிருக்க மாட்டார்.
மூன்று கோடை, ஒரு நீதிமன்றத்தின் நிலவறையில்,
மங்கிய மையில் உருப்பெருக்கியை ஊன்றி
அவளை என் வரை கொண்டுவந்தது விட்கம்பின் கை.
அட்டவணைக்கு வெளியே நிறுத்தியதும்
அதே கை.

சரி, விலை எழுதப்பட்ட மற்றவர்கள்?
அவர்கள் உள்ளேதான் இருக்கிறார்கள்,
கட்டிலோடும் தட்டோடும் கூட்டப்பட்டு
முந்நூற்றுப் பதினொன்றால் வகுபட்டு.
நாற்காலி பெருகிய வீடுகளில்
உட்காராதவர் எத்தனை பேர்?
இதுதான் என் விமர்சனம். ஒரே வரி.
மற்றதெல்லாம் ஜோடனை.

"என்ன, மூஞ்சி ஒரு மாதிரி இருக்கு?"
ஃபோர்க்லிஃப்ட் ஓட்டும் வெண்டல் கேட்டான்.
"ஒருத்தி ஓடிட்டா."
"எப்போ?"
"ஆயிரத்து எழுநூத்தி நாலுல."
அவன் சிரிக்கவில்லை. காபிக் கோப்பையை வைத்தான்.
"பிடிச்சாங்களா?"

தெரியாது.
அது கடலேற்றம் சதுப்புக்குள் வரும் நேரமா,
கால் விறைக்கும் மார்ச் மாதமா,
கையில் ரொட்டி இருந்ததா, தெரியாது.
தப்பினாள் என்று எழுத எனக்கு ஆசை.
ஆசைக்கு அடிக்குறிப்பு கிடையாது.
நானும் மதிப்பிடத்தானே உட்கார்ந்திருக்கிறேன்,
பெல்க் வீட்டு வாசலுக்குத் தாளும் இறகுமாய் வந்த
அந்த இரண்டு அண்டைவீட்டுக்காரர்களைப் போல.

அறுநூற்று நாற்பது சொல் ஆகிவிட்டது.
விட்கம்பைப் பாராட்டிய பத்தியை வெட்டினேன்,
வருத்தத்தோடு.

மணி நாலரை. ஏழாம் வரிசையில்
இறால் பெட்டி ஒன்று குறைகிறது.
மூன்று தடவை எண்ணியாயிற்று.
கட்டம் காலியாக இருந்தால் இயந்திரம் ஏற்காது;
சுழியம் போடு, சுழியம் போடு என்று மினுக்குகிறது.

இன்னும் போடவில்லை.