எங்கள் முறை

இரண்டு கிழமைக்கு ஒருதரம், வியாழன்,
காலை ஏழிலிருந்து இரவு எட்டு வரை
நிலவறைத் தோய்ப்பு அறை எங்களுக்கு.
மூன்றாம் மாடி ஷ்டெட்லர் அம்மா
திறப்பைக் கையில் தரமாட்டார்,
கதவுக் கொக்கியில் மாட்டிவிட்டுப் போவார்.
ஓல்டனில் இருபத்துமூன்று வருசம்.
இந்த ஒரு நாளுக்காக ஆஸ்பத்திரியில் லீவு மாற்றியிருக்கிறேன்.
மாமியின் அந்தியேட்டிக்கே பிந்தித்தான் போனேன்.

நீல ஜீன்சின் பின்பக்கப் பையில் அது இருந்தது.
அறுபது கிராட்டில் ஒன்றரை மணி நேரம் சுழன்றும்
உறை பிரியவில்லை.
சுவிஸ்காரன் செய்த சாமான் எல்லோ என்று
முதலில் நினைத்தது அதைத்தான்,
வெட்கமாக இருக்கிறது சொல்ல.
பிறகு, மகனுடையது என்று நினைத்தேன்.
அப்படி நினைத்தபோது நெஞ்சு இவ்வளவு இறுகவில்லை.

ஜீன்ஸ் மகளுடையது.

யதுசா கூடையோடு இறங்கி வந்தாள்.
இயந்திரத்தின் மேல் அது கிடந்தது,
பையிலிருந்து விழுந்த சில்லறைபோல.
பார்த்தாள். நான் பார்த்ததையும் பார்த்தாள்.
கொடியில் காய்ந்த படுக்கை விரிப்பை உருவி
"பிடியுங்கோ அம்மா" என்று
இரண்டு மூலையை என்னிடம் தந்தாள்.

பெரிய விரிப்பு ஒருவரால் மடிக்க ஏலாது.
இழுத்து உதறி, கிட்ட வந்து, விரல் தொட்டு,
மூலை கொடுத்து, திரும்பத் தள்ளிப் போக வேண்டும்.

"லீரிமா?"
"ஓம்."
"எவ்வளவு காலம்?"
"சித்திரையிலிருந்து."
சித்திரை என்று தமிழில் சொன்னாள்.
அது ஏனோ தொண்டையை அடைத்தது.

"உன்னை வற்புறுத்தினவனோ?"
"இல்லை. கேட்டவன்.
ஒவ்வொரு தரமும் கேக்கிறவன்."

ஒவ்வொரு தரமும்.
தேவைக்கு மேலே உதறினேன் விரிப்பை.

"உங்களை அப்பா கேட்டவரா?"

உலர்த்திக்குள் ஒரு பொத்தான்
தட்டிக்கொண்டே இருந்தது.
வீட்டில் இதற்கு ஒரு சொல் வைத்திருக்கவில்லை நாங்கள்.
உறவு என்றால்
கலியாண ஹோலில் முன்வரிசையிலிருந்து
வீடியோவுக்கு முகம் காட்டுகிறவர்கள்.
சந்தோசம் என்றால் பிள்ளை சோதினை பாஸ் பண்ணுவது.
டொச்சில் எனக்குத் தெரிந்த சொல்
ஆஸ்பத்திரிப் படிவத்தில் படித்தது,
கிருமிநாசினி மணக்கும்.

"இல்லை" என்றேன்.
"அவருக்குக் கேக்கத் தெரியாது.
எனக்குச் சொல்லலாம் எண்டு தெரியாது.
ஆறு வருசம் சுவரைப் பாத்துக்கொண்டு
நாளைக்கு என்ன கறி எண்டு யோசிச்சிருப்பன்.
நீ நடக்கப் பழகின வருசம், ஒருநாள் ராத்திரி
பொறுங்கோ எண்டன்.
அவ்வளவுதான் சொன்னன்.
அவர் லைட்டைப் போட்டார். பயந்துபோனார் பாவம்.
என்ன செய்யுது எண்டு கேட்டார்.
விடியுமட்டும் கதைச்சம்.
அண்டைக்கு அவர் வேலைக்குப் போகேல்லை."

"அப்பாவா? லீவு போட்டவரா?"
"தலையிடி எண்டு."

சிரித்தாள். விரிப்பு அவள் கையிலிருந்து நழுவி
ஈரச் சீமெந்தில் விழுந்தது.
திரும்பவும் தோய்க்க வேண்டும். போகட்டும்.

கதவு திறந்தது. ஷ்டெட்லர் அம்மா.
வலையில் பஞ்சு எடுத்தோமா என்று பார்க்க வந்தவர்
இயந்திரத்தின் மேல் இருந்ததைப் பார்த்தார்.
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் பார்த்தார்.
"அறுபதில் தோய்ந்ததா?" என்றார்.
"அப்படியென்றால் எறியுங்கள். அதற்குச் சூடு ஆகாது."
பஞ்சை எடுத்துக்கொண்டு போய்விட்டார்.

நாங்கள் ஒருவரை ஒருவர் பார்க்கவில்லை.
பார்த்திருந்தால் சிரிப்பா அழுகையா என்று
எனக்கு இன்னும் தெரியாது.

இருபது பிராங் எடுத்து அவள் கையில் வைத்தேன்,
எதற்கென்று சொல்லாமல்.
இரண்டாம் மாடிப் படியில் ஏறும்போது சொன்னேன்.

"அப்பாவுக்கு?" என்றாள்.
"நான் சொல்லுவன்.
இண்டைக்கு வேண்டாம்.
இண்டைக்கு அவருக்கு இரவு வேலை."