இருபத்தைந்தாகக் கழித்தல்

ஐகிரவுண்டு ஆஸ்பத்திரி, மனநலப் புறநோயாளிப் பிரிவு.
ஒரே ஒரு மின்விசிறி ஓடுகிறது, அதுவும்
யாரையோ சம்மதிக்க வைப்பதுபோல் தலையாட்டிக்கொண்டு.

சண்முகக்கனி. ஐம்பத்திரண்டு. முக்கூடல்.
கூட வந்தது கொழுந்தன் மகன் இசக்கிதுரை.
குறை: "ராத்திரியெல்லாம் எண்ணுதாவ."
எதை?
"ஒண்ணுமில்லாததத்தான்."

மடியில் தட்டில்லை, இலையில்லை, தூளில்லை.
விரல்கள் மட்டும் சுருட்டுகின்றன,
முனையை மடக்குகின்றன, நூல் சுற்றுகின்றன,
இருபத்தைந்து ஆனதும்
இல்லாத ஒரு கட்டை இடப்பக்கம் வைக்கின்றன.
இப்படி உருட்டும் விரலுக்கு
என் பாடநூலில் ஒரு நடுக்கத்தின் பெயர் உண்டு.
இது அதுவல்ல.
நடுக்கத்துக்கு முனை மடக்கத் தெரியாது.

படிவம் கேட்கச் சொன்னதைக் கேட்டேன்.
இன்னைக்கு என்ன கிழமை?
"சனி. கூலி போடுத நாளு."
நூறிலிருந்து ஏழு ஏழாகக் கழியுங்கள்.
"கழிக்கது கம்பெனிக்காரன் வேலைலா டாக்டரம்மா.
ஆயிரம் கொண்டுபோனா அம்பது கழிப்பான்.
நான் கட்டுதவ.
வேணும்னா இருபத்தஞ்சாக் கழிக்கேன்."
கழித்தார். ஆயிரத்திலிருந்து, மூச்சு விடாமல்.
பூச்சியத்தில் நிறுத்தி என்னைப் பார்த்தார்,
அடுத்த தட்டு எங்கே என்பதுபோல.

எரிவதைப் பிடுங்கினால் கொதிப்பது அடங்கும்,
இதற்கு என்ன அர்த்தம்?
"யாரு பிடுங்குவா? கை வெந்துபோகும்லா."
உள்ளர்த்தம் சொல்லாதவர்களுக்கென்று
எழுத ஒரு சொல் வைத்திருக்கிறோம்.
பேனாவைத் திறந்தேன்.
கை வெந்துபோகும் என்பது உள்ளர்த்தமில்லை என்று
எனக்கு யார் சொன்னது?

புருஷன் போய் நாற்பத்தொரு நாள்.
"பதினாறாம் நாள் விசேஷம் வரைக்கும்
சும்மா அழுதாவ, நல்லாத்தான் இருந்தாவ" என்றான் பையன்.
"கொடைன்னா மூணு நாளு தூங்காட்டி
யாரும் கேக்கமாட்டாவ. இது அப்படியில்லையே."
ஊர் பதினாறு நாள் கொடுக்கிறது.
என் புத்தகம் பதினாலு என்கிறது.
நடுவில் இருக்கும் அந்த இரண்டு நாளை
யார் பற்றில் எழுதுவது?

"அவுகதான் எண்ணுவாக" என்றார் திடீரென்று.
"நெஞ்சுச் சளி, வேற வேலைக்குப் போவ முடியாது.
நான் சுருட்டுவேன், அவுக எண்ணிக் கட்டுவாக.
இப்ப ரெண்டும் நாந்தானே.
இன்னையோட இருபத்தஞ்சு ராத்திரி.
ஒரு கட்டு."

பேராசிரியர் எட்டிப் பார்த்தார்: "என்ன நினைக்கிறே?"
எங்கள் துறையில் கேள்விக்குறி
நோயின் பெயருக்கு முன்னால் வரும்.
அதைப் போட்டுவிட்டு வெகுநேரம் உட்கார்ந்திருந்தேன்.
பிறகு பெயரையும் எழுதினேன்.
தூங்காத உடம்பு. எழுதாமல் அனுப்ப முடியாது.

மருந்துச் சன்னலில் பதினைந்து மாத்திரை.
பழுப்பு உறையைத் திறக்கக்கூட இல்லை,
மேலாக விரலால் தடவி
"ஒண்ணு குறையுது" என்றார்.
உள்ளே இருந்தவர் சலித்துக்கொண்டே கொட்டி எண்ணினார்.
பதினாலு.

அதனால் நோயில்லை என்றாகிவிடாது.
கேஸ் ஷீட்டில் நான் எதையும் அடிக்கவில்லை.
பதினைந்தாவதை வாங்கி உறைக்குள் போட்டு
முனையை மடக்கினார்.